வீடாகிவிட்ட கொட்டகையை எந்தப் பக்கம் நீட்டுவது?

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பழைய பண்ணைக் கொட்டகையை வாங்கி வீடாக்கிக் குடியிருப்பவர்களில் பலர் சில ஆண்டுகளில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: இடம் போதவில்லை, எந்தப் பக்கம் நீட்டலாம்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஒரு பண்ணையின் முழு அறுவடையும் கொண்ட கட்டடத்தில் நான்கு பேருக்கு இடமில்லையா? இருக்கிறது. ஆனால் அந்த இடம் அறைகளாக இல்லை, ஒரே பெரும் வெளியாக இருக்கிறது. அறைகளாகத் தடுத்தால் கொட்டகை மறைந்துவிடும். தடுக்காமல் விட்டால் படுக்கவும் குளிக்கவும் மறைவிடம் கிடையாது. விரிவாக்கம் பற்றிய வாதங்கள் எல்லாம் இந்தச் சிக்கலிலிருந்துதான் கிளம்புகின்றன. கட்டடப் பாதுகாவலர்கள், கட்டடக்கலைஞர்கள், சட்டம் இயற்றுவோர் என மூன்று தரப்பும் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கவனமாகச் சேர்த்த ஒரு தாழ்ந்த சாய்ப்பு பழைய கட்டடத்தைக் கெடுப்பதைவிடக் காப்பதே அதிகம் என்ற முடிவுக்கு நான் வருகிறேன். அந்த முடிவுக்கு எல்லையும் உண்டு.

முதலில், அந்தக் கட்டடம் எந்த வேலைக்காக எழுந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மழையும் ஈரமும் விடாத நாட்டில் திறந்தவெளிக் களத்தை நம்பிக் கதிரடிக்க முடியாது. அதனால் களத்தையே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். நடு அங்கணத்தில் எதிரெதிராக இரண்டு பெரிய வாசல்கள். பாரம் ஏற்றிய வண்டி நுழையும் வாசல் உயரமானது. வண்டி வெறுமையாக வெளியேறும் எதிர்வாசல் பல கொட்டகைகளில் சற்றுத் தணிவாக இருக்கும். இரு பக்க அங்கணங்களிலும் கதிர்க்கட்டுகளைக் கூரை முட்ட அடுக்கிவிட்டு, குளிர்காலம் முழுவதும் நடுத்தளத்தில் போட்டு, தோல்வாரால் பிணைத்த இரட்டைத் தடியால் அடித்தார்கள். இரண்டு வாசல்களையும் திறந்துவிட்டால் காற்று ஊடே பாயும். அந்தக் காற்றில் தூற்றினால் பதர் பறக்கும், மணி தங்கும். சன்னல் தேவைப்படவில்லை. தானியம் புழுங்காதிருக்கச் சுவரில் ஒடுங்கிய பிளவுகள், எலி பிடிக்க ஆந்தை வந்து போக முக்கோணச் சுவரின் உச்சியில் ஒரு துளை. மற்றபடி மூடிய சுவரும் உடைவில்லாத கூரையும்தான்.

இதன் உச்ச வடிவங்கள் இன்றும் நிற்கின்றன. எசெக்ஸ் மாவட்டத்தின் கிரெஸ்ஸிங் டெம்பிளில் டெம்ப்ளர் துறவி வீரர்கள் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வாற்கோதுமைக் கொட்டகையும் கோதுமைக் கொட்டகையும் ஓக் மரச்சட்டங்களின் மேல் இன்னும் உறுதியாக இருக்கின்றன. ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஹார்மண்ட்ஸ்வொர்த் ஊரில் 1426-27இல் கட்டிய கொட்டகை ஏறத்தாழ 58 மீட்டர் நீளம். இவற்றை யாரும் வீடாக்கப் போவதில்லை. பிரச்சினை, இவற்றின் பெயரில்லாத தம்பிகளுக்குத்தான். 1786இல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தபோதே நடுக்களத்தின் வேலை குறையத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அறுவடை இயந்திரம் வயலிலேயே அடித்துத் தூற்றிக் கொடுத்துவிட, கொட்டகைகள் ஒட்டுமொத்தமாக வேலையிழந்தன. டிராக்டரும் பெரிய இயந்திரங்களும் பழைய வாசல்களில் நுழையவில்லை. கூரையைப் பழுதுபார்க்க விவசாயிக்குக் காரணமும் இல்லை, காசும் இல்லை. இடிந்து போவதா, வீடாவதா என்ற நிலை அப்படித்தான் வந்தது.

இந்தக் கட்டடத்தின் இயல்பு எதில் இருக்கிறது? ஓக் விட்டங்களில், பழைய செங்கல்லில் என்று விற்பனை விளம்பரங்கள் சொல்லும். அவை முக்கியம்தான். ஆனால் உள்ளே நுழைந்ததும் தரையிலிருந்து முகடுவரை ஒரே வீச்சில் கண் ஏறுகிறதே, அந்த உயரத்துக்கு ஈடு எதுவுமில்லை. வெளியே நின்றால் நீண்ட கூரைச் சாய்வு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தடையின்றி ஓடுகிறது; சுவரோ பேசாமல் நிற்கிறது. உயரம், கூரை, மூடிய சுவர் ஆகிய மூன்றையும் வீட்டு வாழ்க்கை விடாமல் அரித்துக்கொண்டே இருக்கும். படுக்கையறை வேண்டுமென்று இடைத்தளம் போட்டால் உயரம் போகிறது. இடைத்தளத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்று கூரையில் கண்ணாடிகளை வரிசையாகப் பதித்தால் கூரை போகிறது. குளியலறைக்குச் சன்னல் வைத்தால் சுவர் போகிறது. ஆக, கொட்டகையின் இயல்பை அதிகம் அழித்தது அதற்கு வெளியே சேர்த்த கட்டடம் என்று சொல்ல முடியாது. வெளியே எதையும் சேர்க்கக் கூடாது என்று எல்லாவற்றையும் உள்ளேயே திணித்ததும் அழித்தது.

பாதுகாப்பு மரபு இதை வேறு கோணத்தில் பார்த்தது. 1877இல் வில்லியம் மோரிஸும் ஃபிலிப் வெப்பும் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் அறிக்கை அன்றாடப் பராமரிப்பைத்தான் வேதமாக வைத்தது. பழைய கட்டடம் இன்றைய தேவைக்கு ஒவ்வாவிட்டால் அதை மாற்றாதே, பெரிதாக்காதே, வேறொரு கட்டடத்தை எழுப்பிக்கொள் என்பது அதன் நிலை. அன்று அவர்கள் கவலைப்பட்டது தேவாலயங்களைப் பற்றி. பழுதுபார்ப்பு என்ற பெயரில் இடைக்காலச் சுவர்களைச் சுரண்டிப் புதிதாக்கிய காலம் அது. ஆனால் கொட்டகைக்கு அந்த வாசகம் தேவாலயத்தைவிடப் பொருத்தமாக இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். 1964இல் வெனிஸ் சாசனம் இன்னொரு விதியைச் சேர்த்தது. தவிர்க்க முடியாமல் புதிதாக ஏதும் சேர்த்தால், அது பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும். பழையதுபோல நடிக்கும் புதியது வரலாற்றைக் குழப்பிவிடும் என்ற நியாயமான அச்சம் அதன் பின்னால் இருந்தது.

இங்கிலாந்து அரசின் ஆலோசனை அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து 2017இல் மரபுப் பண்ணைக் கட்டடங்களை மாற்றியமைப்பது பற்றி விரிவான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. கொட்டகையின் எளிய வடிவத்தைக் குலைக்காத தீர்வுகளையே இந்த வழிகாட்டி மரபு முன்னிறுத்துகிறது. திட்ட அதிகாரிகள் பலர் இதைக் கறாராகவே எடுத்துக்கொள்கிறார்கள்: உங்கள் தேவை இந்தக் கட்டடத்துக்குள் அடங்காவிட்டால், இந்தக் கட்டடம் உங்களுக்கானது இல்லை. கேட்கக் கடுமையாக இருந்தாலும் இதில் உண்மை உண்டு. நாலு படுக்கையறையும் இரட்டைக் கார் நிறுத்தமும் கண்ணாடி வேய்ந்த உட்கார்கூடமும் வேண்டும் என்று பட்டியலை முதலில் எழுதிவிட்டு, பிறகு கொட்டகையை வாங்குபவரிடம் வேறென்ன சொல்வது?

ஆனாலும் அந்தக் கறார் நிலை ஒரு வரலாற்றுச் செய்தியைக் கணக்கில் எடுக்கவில்லை. பண்ணைக் கொட்டகைகள் ஒரு நாளும் அசையாமல் நின்றவை இல்லை. எசெக்ஸிலும் சஃபோக்கிலும் வண்டி வாசலுக்கு முன்னால் மூக்குப்போல நீளும் முகப்பு மண்டபத்தை ‘மிட்ஸ்ட்ரே’ என்பார்கள். பாரவண்டியை மழைபடாமல் நிறுத்த எழுந்த நீட்சி அது. நெடுஞ்சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிக் கன்றுகளைக் கட்டினார்கள், கலப்பையைப் போட்டு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மாட்டெருவும் இறைச்சியும் பண்ணைக்கு முக்கியமானபோது, கொட்டகையின் வெயில்படும் பக்கத்தில் தொழுமுற்றம் வந்தது. முற்றத்தைச் சுற்றிலும் முன்புறம் திறந்த தாழ்ந்த மாட்டுக் கொட்டில்கள் வரிசையாக எழுந்தன. வண்டிக்கொட்டில் தனி. காளான் வடிவக் கற்கால்களின் மேல் எலிக்கு எட்டாமல் உயர்த்திய தானிய அறை தனி. நீட்டுவதற்கான இலக்கணத்தைப் பண்ணையே எழுதி வைத்திருக்கிறது. பெரிய கொட்டகை எப்போதும் பெரியதாக நிற்கும். சேர்ந்தவை எல்லாம் அதைவிடத் தாழ்ந்து, ஒடுங்கி, பெரும்பாலும் முற்றத்தைப் பார்த்து இருக்கும். ஒன்றுகூட அதன் முகட்டை எட்டாது.

இந்த இலக்கணத்தைப் பின்பற்றினால் கணக்கும் ஒத்துழைக்கிறது. பழைய ஓட்டுக் கூரைகள் செங்குத்தானவை. 50 பாகைச் சாய்வு சாதாரணம். கொட்டகையின் அகலம் 6 மீட்டர் என்றால், சுவர் உச்சியிலிருந்து முகடுவரை ஏறத்தாழ 3.6 மீட்டர் எழும். அதே சாய்வில் 4 மீட்டர் அகலத்தில் ஒரு நீட்சி கட்டினால் அது 2.4 மீட்டர்தான் எழும். சாய்வை மாற்றாமல், அகலத்தைக் குறைத்தாலே புதியது தானாகப் பணிந்துவிடும். பல வீடுகளில் நடப்பது இதற்கு எதிர். அகலமான அறை வேண்டும், ஆனால் முகடு ஏறக்கூடாது என்று சாய்வைப் படுக்கவைத்துவிடுகிறார்கள். எல்லா அளவும் விதிக்குள் இருக்கும். பார்த்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. காட்ஸ்வோல்ட் பகுதியில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் உறுத்தும். அங்கே கற்பலகை ஓடுகளைத் தாழ்வாரத்தில் பெரியதும் முகட்டை நெருங்க நெருங்கச் சிறியதுமாக வேய்வார்கள். சாய்வு குறைந்தால் அந்த வரிசை தெரியாமல் போகும், மழைநீரும் ஓட்டுக்கடியில் ஏறும்.

உள்ளமைப்பில்தான் நீட்சியின் உண்மையான பயன் இருக்கிறது. சமையலறை, குளியலறை, கொதிகலன், துணி துவைக்கும் இடம், ஒன்றிரண்டு படுக்கையறை ஆகிய குழாயும் தடுப்பும் தேவைப்படுபவற்றைத் தாழ்ந்த நீட்சிக்குக் கொண்டுபோய்விட்டால், பெரிய கொட்டகை முழுசாக ஒரே கூடமாக நிற்கலாம். இடைத்தளம் வேண்டாம். கூரையில் கண்ணாடி வேண்டாம். மூடிய சுவர் மூடியே இருக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரெதிர் வண்டி வாசல்கள் இரண்டு போதும். அங்கே கண்ணாடியைச் சட்டத்துக்கு உள்ளே தள்ளி வைத்து, பழைய மரக்கதவுகளை அப்படியே விட்டால், இரவில் சாத்திக்கொள்ளவும் முடியும். மாலையானால் விளக்குப்பெட்டி மாதிரி வயல்வெளி முழுக்க ஒளி கொட்டும் வீடுகளைப் பற்றி அண்டை கிராமத்தார் புகார் சொல்வது இந்த ஒரு கதவைக் கழற்றி எறிந்ததால்தான்.

புதியதும் பழையதும் சந்திக்கும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எசெக்ஸ் பாணிக் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழங்கால் உயரச் செங்கல் அடிச்சுவர். அதன்மேல் கிடக்கும் ஓக் சட்டம். அதிலிருந்து எழும் தூண்கள். வெளியே தார் பூசிய கறுப்புப் பலகைப் போர்வை. இந்த அடிச்சுவருக்குக் கீழே அஸ்திவாரம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். மரச்சட்டம் துளையும் கழுந்துமாக மர ஆணியால் பூட்டியது என்பதால் அந்த அசைவுக்கெல்லாம் வளைந்து கொடுத்தே நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. பக்கத்தில் இன்றைய விதிப்படி ஒரு மீட்டருக்கும் ஆழமாக வானம் தோண்டிக் கான்கிரீட் போட்டு எழுந்த நீட்சியோ அசையாது. அசைவதையும் அசையாததையும் இறுக்கிக் கட்டினால் விரிசல் நிச்சயம். தோண்டும்போதே அடிச்சுவரின் கீழ்மண் சரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே நீட்சி கொட்டகையின் தோளில் சாயக்கூடாது. தன் காலில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு ஒடுங்கிய, தாழ்ந்த இணைப்பு நடை மட்டும் இருந்தால், அசைவையெல்லாம் அந்த மூட்டு வாங்கிக்கொள்ளும். ஈயத்தகட்டைச் சுண்ணாம்புச் சாந்து இடுக்கில் செருகி மூடலாம். நாளை இணைப்பைக் கழற்றினாலும் பழைய சுவரில் ஒரு கீறல்தான் மிஞ்சும்.

அந்த இணைப்புக்கு வாசல் எங்கே திறப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மரச்சட்டக் கொட்டகையின் தூண்களிலும் சாய்கட்டைகளிலும் தச்சர்கள் ரோமன் எண்களைக் கீறி வைத்திருப்பார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று அடையாளம். வாசல் தூணில் மூட்டைக் கணக்குக் கோடுகள் இருக்கும். சில இடங்களில் தீவினை அண்டாதிருக்கக் கவராயத்தால் வரைந்த ஆறிதழ்ப் பூ இருக்கும். இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கதவு வைக்கிறேன் என்று ஒரு சாய்கட்டையை அறுத்தால், கட்டடத்தின் பலம் மட்டுமல்ல, இந்தக் கணக்கேட்டில் ஒரு தாளும் சேர்ந்தே போகிறது. ஏற்கெனவே திறந்த இடம் ஒன்று எங்காவது இருக்கும்: பின்னாளில் உடைத்த மாட்டு வாசல், பலகை போய்ச் செங்கல் அடைத்த ஓர் அங்கணம். வழி அங்கேதான். அதைக் கண்டுபிடிக்க, வரைபடம் போடுவதற்கு முன் ஒவ்வொரு தூணையும் அளந்து பதிய வேண்டும். இந்தச் செலவில் கை வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

அடுத்து, நீட்சி எப்படித் தோன்ற வேண்டும் என்ற பழைய சண்டை. ஒத்துப்போக வேண்டுமா, வேறுபட வேண்டுமா? கடந்த இருபதாண்டு ஆங்கிலக் கட்டடக்கலையில் இதற்குக் கூர்மையான பதில்கள் வந்திருக்கின்றன. நார்ஃபோக்கின் நீர்வழிப் பகுதியில் ஹன்செட் மில் என்ற காற்றாலைக் காவலரின் வீட்டுக்கு ஏசிஎம்இ கட்டடக்கலைஞர்கள் சேர்த்த பகுதி கருக்கிய மரப்பலகை போர்த்தியது. செங்கல் வீட்டின் நிழல் பின்னால் விழுந்ததுபோல நிற்கிறது. 2010இல் சிறந்த வீட்டு வடிவமைப்புக்கான மேன்சர் பதக்கம் பெற்றது. சஃபோக்கின் ஸ்னேப் மால்டிங்ஸில் ஹாவொர்த் டாம்ப்கின்ஸ் நிறுவனம் இடிந்த விக்டோரியா காலப் புறாக்கூண்டுக் கட்டடத்தின் சுவர்களுக்குள் துரு ஏறும் எஃகால் ஒரு முழுக் கூட்டையும் இறக்கி வைத்தது. பழைய செங்கல்லில் கை படவில்லை. ஹெரிஃபோர்ட்ஷரில் கேட் டார்பியும் டேவிட் கானரும் செய்த கிராஃப்ட் லாட்ஜ் இதையே திருப்பிப் போட்டது: சிதிலமான குடிசையை, காய்ந்த கொடியோடும் பழைய பறவைக் கூடுகளோடும் அப்படியே விட்டு, அதன்மேல் கறுப்பு நெளிதகட்டுப் போர்வையாகப் புதிய கட்டடத்தைக் கவிழ்த்தார்கள்.

இவை மூன்றும் கொட்டகைகள் இல்லை. ஆனால் கொட்டகைக்குப் பாடம் இவற்றில் உண்டு. எனக்கு மிக நெருக்கமானது கார்ல் டர்னரின் வேலை. கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சமவெளியில் ஓக்கர் பார்ன் என்ற பழைய கதிரடிக் கொட்டகையை அவர் வீடாக்கியபோது உள்வெளியைப் பெரிதும் திறந்தே விட்டார். கூடுதல் இடம் தேவைப்பட்டபோது அதை நீட்டவில்லை. பக்கத்தில் கன்னங்கரிய, சின்னஞ்சிறிய புதுக் கொட்டகை ஒன்றை எழுப்பினார்; பெயர் ஸ்டெல்த் பார்ன். பெரிய கொட்டகைக்குப் பக்கத்தில் சிறியது தனியாக நிற்பது பண்ணையின் பழைய பழக்கமே. மோரிஸின் சங்கம் 1877இல் கேட்டதும் இதுதான்: பழையதைப் பெரிதாக்காதே, வேறொன்று எழுப்பு. மழையில் பத்தடி நடந்து போவது அவ்வளவு பெரிய சிரமம் இல்லை என்றால், இணைப்பே இல்லாத நீட்சியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

ஒப்பா, வேறுபாடா என்ற சண்டையில் ஒரு பக்கம் சாய வேண்டியதில்லை என்பதும் இந்த உதாரணங்களில் தெரிகிறது. வடிவத்தில் பண்ணையோடு ஒத்துப்போய், பொருளிலும் நுணுக்கத்திலும் தன் காலத்தைக் காட்டியவையே கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. பழைய ஓக் சட்டத்தைப் போலப் புது ஓக்கில் பொய்யாகக் கட்டியவை பத்தாண்டில் எது பழசு, எது புதுசு என்று தெரியாத நிலையை உண்டாக்கிவிடும். தட்டைக் கூரையோடு முழுக் கண்ணாடிப் பெட்டியை ஒட்டியவை முதல் நாளிலிருந்தே அந்நியமாக நிற்கும்.

இனி எல்லை. யார்க்ஷர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் வயலுக்கு ஒன்றாகக் கற்கொட்டகைகள் சிதறிக் கிடக்கின்றன. சாந்தில்லாமல் அடுக்கிய வயற்சுவர்கள், நடுவே சிறு கொட்டகை. கீழே நாலைந்து மாடு, மேலே அவற்றுக்கான குளிர்கால உலர்புல். கொட்டகைகளும் சுவர்களும் சேர்ந்த நிலக்காட்சியே 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இங்கே நான் மேலே சொன்ன வாதம் செல்லாது. சாய்ப்பு எவ்வளவு பணிந்தாலும் தாய்க் கட்டடமே சிறிதென்பதால் இரண்டும் சமமாகிவிடும். தனியே நிற்பதுதான் அந்தக் கொட்டகையின் இயல்பு. சுற்றிலும் புல் தவிர ஒன்றும் கிடையாது. வண்டிப் பாதை, மின்கம்பி, துணிக்கொடி எதுவும் அதற்குத் தாங்காது. 2016இல் பூங்கா நிர்வாகம் சாலையோரத்திலோ மற்றக் கட்டடங்களை ஒட்டியோ நிற்கும் கொட்டகைகளை மட்டும் மாற்ற வழிவிட்டது இதை உணர்ந்துதான். ஸ்வேல்டேலில் ஒரு வயற்கொட்டகையை நீட்டக் கேட்பவருக்கு, கறாரான அதிகாரியின் பதிலைத்தான் நானும் சொல்வேன்.

ஈரத்தைப் பற்றிச் சுருக்கமாக: பழைய சுவர்கள் சுண்ணாம்பால் மூச்சு விடுபவை. நீட்சியின் சிமெண்ட் பூச்சைப் பழைய சுவரின்மேலும் இழுத்துவிட்டால் நீர் உள்ளே அடைபட்டு ஓக் சட்டத்தின் அடி உளுத்துப்போகும். தரைக்கும் சுண்ணாம்புக் கான்கிரீட்டே நல்லது. வௌவால்கள் எல்லா இனமும் சட்டப் பாதுகாப்பில் இருப்பதால் கணக்கெடுப்பு மே முதல் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். வேலை அட்டவணை அதைச் சுற்றித்தான் அமையும். வரியும் ஒரு கணக்கு. கொட்டகையை முதன்முதலாக வீடாக்கும் வேலைக்கு மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடு. வீடான பின் நீட்டினால் 20.

சட்டம் தனிக் கதை. பட்டியலிட்ட கட்டடம் என்றால் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்புதலின்றி அதன் இயல்பைப் பாதிக்கும் எதையும் செய்வது குற்றம். 1948 ஜூலை 1க்கு முன்பே அதே வளாகத்தில் நின்ற துணைக் கட்டடங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு நீளும். பட்டியலில் இல்லாதவற்றுக்கு 2014இல் ஒரு குறுக்குவழி திறந்தது. 2015இலிருந்து அதற்கு வகுப்பு கியூ என்று பெயர். முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வேளாண் கட்டடத்தை வீடாக்கலாம், ஆனால் பழைய வெளியளவைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. அப்படி வந்த வீடுகளுக்குச் சாதாரண வீடுகளுக்குள்ள தானியங்கி நீட்சி உரிமையும் கிடையாது. எல்லாவற்றையும் உள்ளே திணிக்கும் வழக்கத்தை இந்த விதி வளர்த்தது. 2016இல் உயர் நீதிமன்றம், மூன்று பக்கமும் திறந்த இரும்புக் கொட்டகை ஒன்றுக்குச் சுவர் எல்லாம் எழுப்புவது மாற்றமாகாது, மறுகட்டுமானமே என்று தீர்த்ததும் நல்ல தெளிவு. 2024 மே மாதம் விதி தளர்ந்தது: பின்பக்கம் ஒற்றைத்தளமாக, 4 மீட்டருக்கு மிகாமல், 4 மீட்டர் உயரத்தைத் தாண்டாமல், 2023 ஜூலை 24க்குள் போட்ட கெட்டித் தரையின்மேல் நீட்டிக்கொள்ளலாம்.

நீட்சியே கூடாது என்பதிலிருந்து தாழ்ந்த நீட்சி ஆகலாம் என்ற இந்த நகர்வை வரவேற்கிறேன். ஆனால் ‘பின்பக்கம்’ என்ற நிபந்தனை புறநகர் வீட்டை மனத்தில் வைத்து எழுதியது. கதிரடிக் கொட்டகைக்குப் பின்பக்கம் கிடையாது. இரண்டு நெடுஞ்சுவர்களிலும் வண்டி வாசல் உண்டு. சாலையைப் பார்க்காத சுவர்தான் பின்பக்கம் என்று எடுத்தால், பல பண்ணைகளில் அது தொழுமுற்றத்தைப் பார்க்கும் சுவராக இருக்கும். கெட்டித் தரை இருப்பதும் பெரும்பாலும் அந்த முற்றத்தில்தான். அங்கே நடுவாசலை அடைத்து 4 மீட்டருக்கு ஒரு பெட்டி எழுந்தால் ஊடு காற்றின் பாதை மூடப்படும், முற்றமும் பாதியாகும். முக்கோணச் சுவரின் ஓரத்திலோ முற்றச் சுவரை ஒட்டியோ ஒடுங்கிய சாய்ப்பு இறக்குவதற்கோ முழு அனுமதி கேட்டு அலைய வேண்டும். 1947க்கு முந்திய கட்டடங்களுக்கு மட்டுமாவது, வண்டி வாசல் உள்ள அங்கணத்தைத் தொடக்கூடாது, முக்கோணச் சுவர்ப் பக்கம் நீட்டலாம் என்று இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும். அதுவரை, முன் ஒப்புதல் விண்ணப்பத்தில் வடிவமைப்பைப் பரிசீலிக்கும் அதிகாரம் உள்ளாட்சித் திட்டத் துறைகளுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஒவ்வொரு வண்டி வாசலையும் அடைக்காமல் விடும்படி அவர்கள் கேட்கலாம்.